அத்தியாயம் 7: விபத்துக் காயமும் சிறுவர் அவசரமும் – எந்தப் பாடநெறியில் சேர்வது?

அடிப்படைப் பயிற்சியை முடித்து, அம்புலன்ஸில் ஓரளவு ஓடிப் பழகிய ஈ.எம்.டி.மார் (அவசர மருத்துவத் தொழில்நுட்பவியலாளர்கள்) வழக்கமாகக் கேட்பது இது: "அடுத்து என்ன கோர்ஸ் செய்யலாம், சேர்? பி.எச்.டி.எல்.எஸ். நல்லமா, பால்ஸ் நல்லமா?" முன்னது விபத்துக் காயத்துக்கும் பின்னது சிறுவர் அவசரத்துக்கும் உரிய பாடநெறி. பதில் சொல்லுமுன் நான் திருப்பிக் கேட்பது மூன்று. எந்த வீதியில் ஓடுகிறீர்கள்? வண்டியில் என்ன சாமான் இருக்கிறது? எந்த மருந்தைக் கொடுக்க உங்களுக்கு அனுமதி இருக்கிறது? மூன்றுக்கும் நேரான பதில் இருந்தால் பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும். மிச்சப் பாதி பணமும் லீவும் சம்பந்தப்பட்டது. அதையும் இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

உங்கள் வீதி எது?

பல்லேகலவையே எடுத்துக்கொள்வோம். ஏ26 என்ற கண்டி – மகியங்கனை வீதி அதை ஊடறுத்துப் போகிறது. கண்டிப் பக்கம் திரும்பினால் குண்டசாலை, பிறகு மகாவலியைக் கடக்கும் தென்னகும்புர பாலம். பாடசாலை தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் அந்தப் பாலத்தடியில் சைரன் போட்டும் பெரிய பயனில்லை, ஒதுங்க இடமிருந்தால்தானே ஒதுங்குவார்கள். எசல பெரஹரா நாட்களில் நகரத்துக்குள் வீதிகளே மூடப்படும். மறுபக்கம் திரும்பினால் திகன, தெல்தெனியச் சந்தி, ஹுன்னஸ்கிரிய, உடுதும்பர. அதற்கப்பால் பதினெட்டு வளைவு என்று எல்லோரும் சொல்லும் இறக்கம். பிரேக் சூடாகி நிற்காமல் போகிற லொறி, ஈர வீதியில் சறுக்குகிற மோட்டார் சைக்கிள், பள்ளத்தில் சரிகிற வான் – இந்தப் பக்கத்து ஈ.எம்.டி.க்கு இவை அன்றாடம் எதிர்பார்க்க வேண்டியவை.

பல்லேகலவுக்குள்ளேயே கைத்தொழில் பேட்டை இருக்கிறது. இயந்திரத்தில் அகப்பட்ட விரல், நசுங்கிய கை, சுடுநீராவி என்பவை அங்கிருந்து வரும் அழைப்புகள். 2010 டிசம்பரில் முதல் டெஸ்ட் ஆட்டம் நடந்த சர்வதேச கிரிக்கெட் மைதானமும் இங்கேதான். ஆட்ட நாளில் ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள், குழந்தைகளையும் தூக்கிக்கொண்டுதான் வருகிறார்கள். மலைப்பக்கம் ஏறினால் தேயிலைத் தோட்டங்கள். கொதிநீர் கொட்டிய பிள்ளை, மண்ணெண்ணெய் குடித்த பிள்ளை, கொய்யா மரத்தில் இருந்து விழுந்த பிள்ளை, குளவி கொட்டிய கொழுந்து பறிக்கும் அம்மா. கீழே விக்டோரியா நீர்த்தேக்கமும் மகாவலியும் இருப்பதால் நீரில் மூழ்கியவர்களுக்கான அழைப்பும் வரும்.

கனமான காயங்களுக்கு உங்கள் பெரிய இடம் கண்டி தேசிய வைத்தியசாலை. சிறுவர்களுக்குப் பேராதனையில் சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. நடுவில் தெல்தெனிய ஆதார வைத்தியசாலை. இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், கையில் இருக்கும் நேரம் எவ்வளவு என்பதுதான் எந்தப் பாடநெறி தேவை என்பதைத் தீர்மானிக்கிறது. ஐந்து நிமிடத்தில் பெரிய வைத்தியசாலைக்குப் போய்விடும் நகரத்து ஈ.எம்.டி.க்குத் தேவையானதும், உடுதும்பரவில் இருந்து ஒரு பிள்ளையை மடியில் வைத்தபடி வளைவு வளைவாக இறங்கி வருபவருக்குத் தேவையானதும் ஒன்றல்ல. பின்னவர் பாதி வழியில் பிள்ளையின் நிலை மாறுவதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அதற்கென்றே பாடங்கள் இருக்கின்றன.

1990 எங்கிருந்து வந்தது

இலங்கையில் வைத்தியசாலைக்கு வெளியே ஒழுங்கான அவசர சேவை என்பது இன்னும் இளசு. கொழும்பில் தீயணைப்புப் படையின் 110 அம்புலன்ஸ் சேவை முன்பே இருந்தது. நாடு தழுவிய ஒன்றுக்கான தொடக்கம் 2016 ஜூலை 28. இந்திய அரசின் நன்கொடையில் 88 அம்புலன்ஸ்களுடன் மேல், தென் மாகாணங்களில் 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை ஓடத் தொடங்கியது. 2018 ஜூலையில் வடக்குக்கு விரிந்து, பிறகு மத்திய மாகாணம் உட்பட எல்லா இடத்துக்கும் வந்தது. அதே ஆண்டில் சுவசெரிய மன்றச் சட்டமும் நிறைவேறியது. முதல் தொகுதி ஈ.எம்.டி.மார் ஐதராபாத்தில் பயிற்சி பெற்றவர்கள். சாரதியைப் 'பைலட்' என்று அழைக்கும் பழக்கமும் இந்தியாவின் 108 அம்புலன்ஸ் சேவையிலிருந்து அப்படியே வந்ததுதான்.

இந்த வரலாறு உங்களுக்கு ஒரு காரணத்துக்காகத் தேவை. நம் ஈ.எம்.டி.யின் வேலை எல்லையை வகுப்பது அமெரிக்கச் சான்றிதழ் அட்டை அல்ல. நீங்கள் வேலை செய்யும் சேவையின் எழுத்து விதிகளும், மறுமுனையில் தொலைபேசியில் இருக்கும் வைத்தியரும்தான் அதை வகுக்கிறார்கள். எந்தச் சர்வதேசப் பாடநெறியை முடித்தாலும் நேற்றுவரை போட அனுமதியில்லாத ஊசியை நாளைக்குப் போடும் உரிமை வந்துவிடாது. இதை விளங்கிக்கொள்ளாமல் விலை உயர்ந்த பாடநெறிக்குப் பணம் கட்டி, படித்ததில் முக்கால்வாசியைப் பாவிக்க முடியாமல் இருப்பவர்கள் நிறைய.

காயத்துக்கான பாடங்கள்

காயச் சிகிச்சைப் பாடநெறிகள் எல்லாவற்றுக்கும் மூலம் ஒரு விமான விபத்து. 1976 பெப்ரவரியில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு சத்திரசிகிச்சை வைத்தியர் ஓட்டிய சிறு விமானம் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் வயல்வெளி ஒன்றில் விழுந்தது. மனைவி அங்கேயே இறந்தார். பிள்ளைகள் நால்வரில் மூவருக்குக் கடுமையான காயம். கிராமத்து வைத்தியசாலையில் தன் பிள்ளைகளுக்குக் கிடைத்த கவனிப்பைப் பார்த்து ஸ்டைனர் கொதித்துப்போனார். அவரும் சக வைத்தியர்களும் சேர்ந்து உருவாக்கிய ஒழுங்குமுறைதான் ஏ.டி.எல்.எஸ். 1978இல் முதல் வகுப்பு நடந்தது, 1980இல் அமெரிக்க சத்திரசிகிச்சை வைத்தியர் கல்லூரி அதைப் பொறுப்பேற்றது. மூச்சுப்பாதை, மூச்சு, இரத்த ஓட்டம் என்று உயிரை முதலில் பறிப்பதை முதலில் பார்க்கும் வரிசை உலகம் முழுக்கப் பரவியது அதன்பிறகே. பெரிய நகரத்தில் இருந்து தூரமாக இருந்த ஒரு கிராமமும், காயப்பட்ட மூன்று பிள்ளைகளும்தான் இதற்குக் காரணம் என்பதை மலைநாட்டில் வேலை செய்பவர்கள் மனதில் வைத்திருப்பது நல்லது.

ஆனால் ஏ.டி.எல்.எஸ். உங்களுக்கானதல்ல. அது வைத்தியர்களுக்கான பாடநெறி. ஈ.எம்.டி.மார் பார்வையாளராக உட்காரலாம், சான்றிதழ் கிடைக்காது. "ஏ.டி.எல்.எஸ். செய்த ஈ.எம்.டி." என்று யாராவது தன்னை அறிமுகப்படுத்தினால் மரியாதையாகச் சிரித்துவிட்டு நகருங்கள்.

உங்களுக்கானவை இரண்டு. ஒன்று பி.எச்.டி.எல்.எஸ். நியூ ஓர்லியன்ஸ் நகரத்துச் சத்திரசிகிச்சை வைத்தியர் நோர்மன் மெக்ஸ்வெயின் முன்னின்று வளர்த்தது. அமெரிக்காவின் தேசிய ஈ.எம்.டி. சங்கம் சத்திரசிகிச்சைக் கல்லூரியின் காயச் சிகிச்சைக் குழுவோடு சேர்ந்து நடத்துகிறது. மற்றது ஐ.டி.எல்.எஸ். அலபாமாவைச் சேர்ந்த அவசர சிகிச்சை வைத்தியர் ஜோன் கேம்பல் 1982இல் பி.டி.எல்.எஸ். என்ற பெயரில் தொடங்கியது. இரண்டும் பதினாறு மணி நேரம், அதாவது இரண்டு நாள். பி.எச்.டி.எல்.எஸ். சான்றிதழ் நான்கு ஆண்டுகளுக்கும் ஐ.டி.எல்.எஸ். மூன்று ஆண்டுகளுக்கும் செல்லும்.

எது நல்லது? இரண்டில் ஒன்றைச் செய்தால் போதும், இரண்டையும் செய்வது வீண்செலவு. பி.எச்.டி.எல்.எஸ். காயம் எப்படி உண்டாகிறது, உடல் அதற்கு எப்படி ஈடுகொடுக்கிறது என்பதை ஆழமாகச் சொல்லி, முடிவை உங்கள் யோசனைக்கு விடுகிறது. ஐ.டி.எல்.எஸ். கையால் செய்யும் பரிசோதனை வரிசையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்து உடம்பில் பதிய வைக்கிறது. வாசித்து விளங்கிக்கொள்வதில் சுறுசுறுப்பானவருக்கு முதலாவது, செய்து பழகுபவருக்கு இரண்டாவது என்பது என் கணிப்பு. அருகில், தெரிந்த நல்ல பயிற்றுவிப்பாளர் எதை நடத்துகிறாரோ அதையே எடுங்கள். பயிற்றுவிப்பாளரின் தரம் பாடநெறியின் பெயரைவிடப் பெரிது.

பழைய சரக்கா, புதிய சரக்கா என்று கண்டுபிடிக்க இரண்டு கேள்விகள் போதும். முதல் கேள்வி: "காயப்பட்டவரைப் பார்த்தவுடன் முதலில் எதைக் கவனிப்பது?" உடனே 'மூச்சுப்பாதை' என்று பதில் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். பி.எச்.டி.எல்.எஸ். ஒன்பதாம் பதிப்பு முதல் ஏ, பி, சி என்ற வரிசைக்கு முன்னால் எக்ஸ் என்ற எழுத்தைச் சேர்த்திருக்கிறது. கொட்டும் இரத்தத்தை முதலில் நிறுத்து என்பது அதன் பொருள். இயந்திரத்தில் கை போனவருக்கு வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தால் அதற்குள் ஆளே போய்விடுவார். இரண்டாவது கேள்வி: "முள்ளந்தண்டு காயம் சந்தேகமென்றால் நீளப் பலகையில் கட்டி வைத்தபடியே வைத்தியசாலைவரை கொண்டுபோவதா?" ஆம் என்று சொல்பவர் பழைய புத்தகத்தில் நிற்கிறார். பலகை ஆளைத் தூக்கி எடுக்கும் சாமான். 2018இல் சத்திரசிகிச்சைக் கல்லூரியின் காயச் சிகிச்சைக் குழுவும் அவசர சிகிச்சை வைத்தியர் அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, அசைவைக் கட்டுப்படுத்துவதையே பேசுகிறது. ஸ்ட்ரெச்சர் மெத்தையிலேயே அதைச் செய்யலாம். திகனவிலிருந்து கண்டிவரை வெறும் பலகையில் முதுகு அழுந்தி வருகிற வேதனையை நோயாளிக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

இரத்தத்தை நிறுத்தக் கட்டும் டோர்னிகே பயிற்சியையும் கவனியுங்கள். நல்ல வகுப்பில் அதைக் காட்டிவிட்டு மேசையில் வைக்க மாட்டார்கள். உங்கள் தொடையிலேயே கட்டி, சுழற்றும் கம்பை இறுக்கி, காலில் நாடி நிற்கும்வரை போகச் சொல்வார்கள். வலிக்கும். சரியாகக் கட்டினால் எவ்வளவு வலிக்கும் என்று உங்கள் உடம்புக்கே தெரிந்தால்தான், வீதியில் நோயாளி கத்தும்போது இறுக்கத்தைத் தளர்த்தாமல் இருப்பீர்கள். கட்டிய நேரத்தை எழுதி வைக்கும் பழக்கமும் அங்கேயே வர வேண்டும்.

பிள்ளைகளுக்கான பாடங்கள்

இங்கேதான் அதிகமானோர் தவறான கதவைத் தட்டுகிறார்கள். 'சிறுவர்' என்றால் உடனே பால்ஸ். அமெரிக்க இருதயச் சங்கமும் அமெரிக்கச் சிறுவர் வைத்தியர் சங்கமும் சேர்ந்து நடத்துவது, உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது, இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும் அட்டை. வகுப்புக்குப் போகுமுன் இணையத்தில் சுயமதிப்பீட்டில் 70 வீதம் எடுக்க வேண்டும், இறுதி எழுத்துப் பரீட்சையில் 84 வீதம். இதயத் துடிப்பின் வரைபடம் வாசிக்கவும் மருந்து அளவு கணக்கிடவும் தெரிந்திருக்க வேண்டும். பாடத்தின் பெரும்பகுதி மின்னதிர்ச்சி, நாளத்தினூடான மருந்து, அணி ஒன்றை வழிநடத்துவது. சிறுவர் வைத்தியசாலையின் அவசரப் பிரிவுத் தாதிக்கும் வைத்தியருக்கும் அருமையான பாடம். மருந்து கொடுக்க அனுமதியில்லாத ஈ.எம்.டி.க்கு அதில் பாதிக்கு மேல் பார்த்துவிட்டுப் போவதற்குத்தான்.

அம்புலன்ஸில் வேலை செய்பவருக்கென்றே எழுதப்பட்டது பெப் எனப்படும் பாடநெறி. இதுவும் சிறுவர் வைத்தியர் சங்கத்தினுடையதே. அடிப்படை நிலைக்கு ஒரு நாள், மேல்நிலைக்கு இரண்டு நாள் என்று பிரித்திருக்கிறார்கள். அதன் முதுகெலும்பு சிறுவர் மதிப்பீட்டு முக்கோணம். பிள்ளையைத் தொடாமல், வாசலில் நின்றபடியே மூன்று விடயங்களைப் பார்ப்பது: தோற்றமும் துடிப்பும் எப்படி, மூச்சு விட எவ்வளவு பாடுபடுகிறது, தோலின் நிறம் என்ன. அம்மாவின் இடுப்பில் இருந்து வீறிட்டு அழும் பிள்ளையிடம் கைவைத்தால் அழுகை கூடும், எண்ணிய மூச்சும் நாடியும் பிழையாகும். அதனால்தான் முதல் முடிவைக் கண்ணால் எடுக்கப் பழக்குகிறார்கள். அழாமல், ஆடாமல், கண் எங்கோ பார்த்தபடி சோர்ந்து கிடக்கும் பிள்ளைதான் அதிக ஆபத்தில் இருக்கிறது என்பதை இந்தப் பாடம் மண்டையில் ஏற்றும்.

ஈ.எம்.டி. சங்கத்தின் ஈ.பி.சி. பாடநெறியும் இதே முக்கோணத்தில் தொடங்குகிறது, பதினாறு மணி நேரம். இருதயச் சங்கத்துக்கே பியர்ஸ் என்று ஒன்று உண்டு. கடுமையாக நோயுற்ற பிள்ளையை இனங்கண்டு, முதல் சில நிமிடங்களைச் சமாளிக்கும் அளவுக்கு மட்டும் கற்பிப்பது. பெப் அல்லது ஈ.பி.சி. கிடைக்காத இடத்தில் பால்ஸை விட பியர்ஸ்தான் உங்களுக்குப் பொருந்தும். ஐ.டி.எல்.எஸ். ஏற்கெனவே செய்தவர்களுக்கு அதன் சிறுவர் பகுதி எட்டு மணி நேரத்தில் முடியும். காயப்பட்ட பிள்ளை என்ற ஒரே விடயத்துக்கு அதைவிடக் கச்சிதமானது இல்லை, ஆனால் மூச்சிழைப்பும் வலிப்பும் அதில் பெரிதாக வராது. பிரித்தானிய மரபில் வந்த ஏ.பி.எல்.எஸ். என்ற பாடம் நம் வைத்தியர்களிடையே மதிப்பானது. அதுவும் வைத்தியசாலைக்குள் இருப்பவர்களை மனதில் வைத்தது.

சிறுவர் பாடம் ஏன் தனியாக வேண்டும் என்று சிலர் வாதாடுவார்கள். பிள்ளையின் இரத்த அழுத்தம் கடைசிவரை ஓரளவு நன்றாகவே நிற்கும், பிறகு ஒரேயடியாக விழும். விழுந்த பிறகு கண்டுபிடிப்பது காலம் கடந்தது. அதனால் நாடி வேகத்தையும் கை கால் குளிர்வதையும் பார்க்கப் பழக வேண்டும். விலா எலும்புகள் வளையும் தன்மையுள்ளவை என்பதால் எலும்பு முறியாமலே நுரையீரல் நசுங்கியிருக்கலாம். சின்னப் பிள்ளையின் பின்மண்டை பெரிது, நேராகப் படுக்க வைத்தால் கழுத்து முன்னால் மடங்கி மூச்சுப்பாதை அடைபடும், தோளுக்குக் கீழே மடித்த துணி வைக்க வேண்டும். இவற்றை வளர்ந்தவர்களுக்கான பாடத்தில் கடைசி அரை மணி நேரத்தில் சொல்லிவிட்டுப் போவார்கள். அரை மணி நேரம் போதாது.

நிறையைக் கணக்கிடுவதும் அப்படியே. பிள்ளையின் நீளத்தை வைத்து நிறையை மதிப்பிடும் புரோஸ்லோ நாடாவைப் பல வகுப்புகளில் காட்டுவார்கள். அது அமெரிக்கப் பிள்ளைகளை அளந்து செய்யப்பட்டது. மும்பையில் பிள்ளைகளை அளந்து 2008இல் வெளியான ஆய்வில், பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் நிறையை அந்த நாடா சுமார் பத்து வீதம் கூட்டிச் சொன்னது தெரிந்தது. நம் மெலிந்த தோட்டப் பிள்ளைகளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். இதைத் தானாக எடுத்துச் சொல்லும் பயிற்றுவிப்பாளர் கிடைத்தால் அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சோதனைக் கேள்வி: கைக்குழந்தைக்கு நெஞ்சை எப்படி அழுத்துவது? இரண்டு விரல் நுனியால் என்று இன்னமும் கற்பிக்கிறார்களா பாருங்கள். 2025 ஒக்டோபரில் வெளியான இருதயச் சங்கத்தின் வழிகாட்டலில் அந்த முறை கைவிடப்பட்டிருக்கிறது. இரண்டு பெருவிரல்களால் நெஞ்சைச் சுற்றிப் பிடித்து அழுத்துவது, அல்லது ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்துவது. ஆழம் நெஞ்சின் மூன்றில் ஒரு பங்கு, சுமார் நான்கு சென்டிமீட்டர். இருவராக இருந்தால் பதினைந்து அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு.

தோட்டத்து வீட்டில் ஒரு மாலை

பாடம் கைக்கு வருமா என்று பார்க்க ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். மெனிக்ஹின்னவுக்கு மேலே ஒரு தோட்ட லயத்தில் மூன்று வயதுப் பிள்ளை மீது கொதிக்கும் தேநீர்த் தண்ணீர் கொட்டியிருக்கிறது. நெஞ்சிலும் வயிற்றிலும் கொப்புளம். அயலவர் பற்பசை பூசிவிட்டார். அம்மா பயத்தில் நடுங்குகிறார். ஈ.எம்.டி.க்குச் சிங்களம் நன்றாக வரும், தமிழ் அரைகுறை. "அம்மா, பிள்ளைக்கு எத்தனை வயசு? எப்ப கொட்டினது? ஏதும் குடுத்தீங்களா?" என்ற மூன்று கேள்வியைத் தமிழில் கேட்கத் தெரிந்தாலே பாதிக் கலவரம் அடங்கும்.

இனி வேலை. ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் ஆற வைக்க வேண்டும், காயம்பட்டு மூன்று மணி நேரம் வரை இதில் பயன் உண்டு. பிள்ளை நடுங்காமல் மற்ற இடங்களைப் போர்த்த வேண்டும், மலைக்குளிரில் உடம்புச் சூடு சீக்கிரம் இறங்கும். வெந்த பரப்பைப் பிள்ளையின் உள்ளங்கையால் அளக்க வேண்டும், விரல்களோடு சேர்த்து உள்ளங்கை உடலில் ஒரு வீதம். வளர்ந்தவர்களுக்கான ஒன்பது வீதக் கணக்கைப் பிள்ளைக்குப் போட்டால் தலையும் காலும் பிழைத்துவிடும். பிறகு எந்த வைத்தியசாலை என்ற முடிவு. நீங்கள் சேரப்போகும் வகுப்பில் இப்படியொரு காட்சியைப் பயிற்சியாகக் கொடுப்பார்களா என்று கேளுங்கள். நெப்ராஸ்கா நெடுஞ்சாலை விபத்தை மட்டும் படமாகக் காட்டுகிற வகுப்பில் உங்கள் வீதி வராது.

மண்ணெண்ணெய் குடித்த பிள்ளைக்கு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது என்பதும், நீரில் மூழ்கியவருக்கு மூச்சுதான் முதல் மருந்து என்பதும் கூட அந்த வகுப்பில் வர வேண்டும். குளவிக்கொட்டு மாத்திரம் காயப் பாடத்திலும் சிறுவர் பாடத்திலும் மேலோட்டமாகவே வரும். தோட்டப் பகுதியில் ஓடுபவர்கள் அதற்கென்று ஒவ்வாமை அதிர்ச்சி பற்றிய ஒரு அமர்வைத் தங்கள் சேவையிடமே கேட்டு வாங்க வேண்டும்.

என் வரிசை

முதலில் பி.எல்.எஸ். என்ற அடிப்படை உயிர்காப்புப் பாடம், அதை மட்டும் ஒருபோதும் காலாவதியாக விடாதீர்கள், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். அடுத்த ஆண்டு பி.எச்.டி.எல்.எஸ். அல்லது ஐ.டி.எல்.எஸ். அதற்கடுத்த ஆண்டு பெப், ஈ.பி.சி., பியர்ஸ் என்ற மூன்றில் கிடைப்பது. ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் குவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அட்டை நிறையும், கை நிறையாது. மார்பு அழுத்தும் திறன் பயிற்சி முடிந்து மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மங்கத் தொடங்கும் என்பது பல ஆய்வுகளில் தெரிந்த விடயம். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்டேஷனில் ஒரு பொம்மையை வைத்து, பைலட்டையும் இழுத்து, அரை மணி நேரம் பழகுவது நான்காவது அட்டையை விட மேல்.

கைத்தொழில் பேட்டையில் முதலுதவிப் பொறுப்பில் இருப்பவர்கள், பாடசாலை ஆசிரியர்கள், மைதானத்துத் தொண்டர்கள் ஆகியோருக்கு இந்தச் சர்வதேசப் பாடங்கள் தேவையில்லை. இலங்கை செஞ்சிலுவைச் சங்கமோ சென் ஜோன் அம்புலன்ஸோ நடத்தும் முதலுதவி வகுப்பு போதும்.

பணம், லீவு, மொழி

இந்தப் பாடங்களின் கட்டணம் மறைமுகமாக டொலரில்தான் ஓடுகிறது. புத்தகமும் அட்டையும் வெளியிலிருந்து வருகின்றன. 2022இல் டொலர் ஒன்று 200 ரூபாவில் இருந்து 360 ரூபாவரை ஏறியபோது பலர் பதிவு செய்த வகுப்பைக் கைவிட்டார்கள். கட்டணம் கேட்கும்போது புத்தகம், அட்டை, மறுபரீட்சை, மதிய உணவு எல்லாம் அதில் அடங்குமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வகுப்பு கொழும்பில் என்றால் தங்குமிடத்தையும் கூட்டுங்கள். சிலர் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்ச் செய்துவிட்டு வருகிறார்கள். அங்கே வகுப்புகள் அடிக்கடி நடப்பதால் திகதி பொருந்தும், சென்னையில் தமிழில் விளக்கம் கேட்கவும் வசதி. விமானச் சீட்டு, விசா, லீவுநாள் எல்லாம் சேர்த்தால் கொழும்பு வகுப்பை விட மலிவாக இருப்பது அரிது. சேவையே குழுவாக ஒரு பயிற்றுவிப்பாளரைக் கண்டிக்கு வரவழைப்பது இவை எல்லாவற்றையும் விடச் சிக்கனம். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் கேட்டுப் பார்க்கலாம்.

மொழியை இலேசாக எடுக்காதீர்கள். பரீட்சைத் தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். விரிவுரை ஆங்கிலமும் சிங்களமும் கலந்தது. மலையகத்தில் இருந்து வரும் தமிழ் ஈ.எம்.டி. ஒருவருக்குக் கேட்டு விளங்குவதிலேயே முதல் நாள் போய்விடும். வகுப்புக்கு ஒரு மாதம் முன்பே புத்தகத்தை வாங்கி, இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வாசித்து, கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். இரு மொழியும் தெரிந்த நண்பருக்குப் பக்கத்தில் உட்காருங்கள்.

போலி அட்டைகளும் உலவுகின்றன. முழுக்க இணையத்திலேயே, பொம்மையைத் தொடாமல், ஒரே இரவில் பால்ஸ் தருகிறோம் என்ற விளம்பரம் வந்தால் ஒதுக்கிவிடுங்கள். இருதயச் சங்கத்தின் பாடத்தில் வாசிப்புப் பகுதியை இணையத்தில் செய்யலாம், கைவேலையைப் பயிற்றுவிப்பாளர் முன்னிலையில் செய்தே ஆக வேண்டும். உண்மையான மின்னட்டையில் ஒரு குறியீடு இருக்கும், அதைச் சங்கத்தின் தளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். பி.எச்.டி.எல்.எஸ்., ஐ.டி.எல்.எஸ். நிலையங்களையும் அந்தந்த அமைப்பின் தளத்தில் தேடிப் பார்க்கலாம். உள்நாட்டுத் தொழிற்பயிற்சித் தகைமை என்று சொல்லி விற்பவர்களிடம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவிலக்கம் கேளுங்கள். வளைகுடா வேலையை நினைத்துச் சேர்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அங்கே வேலை செய்யும் அனுமதிப்பத்திரம் வேறு, இந்த அட்டைகள் வேறு. அட்டை விண்ணப்பத்துக்கு உதவும், அனுமதிப்பத்திரத்துக்கு ஈடாகாது.

பணம் கட்டுமுன் பயிற்சி நிலையத்துக்கு நேரில் போங்கள். ஒரு பயிற்றுவிப்பாளருக்கு எத்தனை மாணவர், கைக்குழந்தைப் பொம்மை எத்தனை, மூச்சுக் கொடுக்கும் அம்பு பேக்கை அழுத்தும்போது அதன் நெஞ்சு உயர்கிறதா, சின்ன முகமூடி எல்லா அளவிலும் இருக்கிறதா, எந்த ஆண்டுப் பதிப்பைக் கற்பிக்கிறீர்கள் என்று கேளுங்கள். பிறகு உங்கள் சேவையின் பயிற்சிப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள்: இந்தச் சான்றிதழை ஏற்பீர்களா, கட்டணத்தில் பங்கு தருவீர்களா, லீவு தருவீர்களா? இரண்டு இடத்திலிருந்தும் தெளிவான பதில் வராதவரை ஒரு சதமும் கட்டாதீர்கள்.